மருந்தும் சட்டமும்: டாக்டர் காஜா அப்துல் ஹமீது அவர்களின் வாழ்வும் பணியும்

முன்னுரை

திருவள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் மருந்துக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணைபுரிபவன் என மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்து அவ்வதிகாரத்தை முடித்தார். எந்த நோய்க்கும் அதற்குரிய மருந்தை இறைவன் இறக்காமல் விட்டதில்லை என்பது அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உலகுக்கு அளித்த நன்மொழியாகும். அம்மருந்தைத் தேடிக் காண்பதும், கண்டதை மக்களிடம் சேர்ப்பதும் மனிதனின் கடமை என்பதை இவ்விரு வழிகாட்டுதல்களாலும் நாம் அறிகிறோம்.

இருபதாம் நூற்றாண்டில் இந்நான்குடன் ஐந்தாவதாக ஒன்று வந்து சேர்ந்தது. அதுவே சட்டம். ஒரு மருந்தை யார் செய்யலாம், யார் செய்தல் கூடாது, எத்தனை ஆண்டுகள் அதன்மீது ஒருவருக்குத் தனியுரிமை உண்டு, என்ன விலைக்கு விற்கலாம் என்பனவற்றை இன்று சட்டமே முடிவு செய்கிறது. நோயாளி அறியாத இச்சட்டத்தின் ஒரு சொல் மாறினால் அவன் வாங்கும் மாத்திரையின் விலையும் மாறிவிடுகிறது. இவ்வுண்மையைத் தம் வாழ்நாளெல்லாம் உணர்ந்து உழைத்தவர் சிப்லா நிறுவனத்தைத் தோற்றுவித்த டாக்டர் காஜா அப்துல் ஹமீது அவர்கள். அன்னாரின் வாழ்வை அறிவதன் வாயிலாக இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் வரலாற்றையும் அறிய முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் கல்வியும்

ஹமீது அவர்கள் 1898ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் அலிகாரில் பிறந்தார். சர் சையத் அகமது கான் அவர்கள் ஊன்றிய கல்வி விதை மரமாகிக் கொண்டிருந்த நகரம் அது. மார்க்க அறிவும் அறிவியலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்னும் எண்ணம் அந்நகரின் காற்றிலேயே கலந்திருந்தது. வேதியியலில் நாட்டம் கொண்ட ஹமீது அலகாபாத்தில் பயின்று அறிவியல் பட்டம் பெற்றார்.

அவர் இளைஞராக இருந்த காலம் நாடு கொந்தளித்த காலம். காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கினார். அலி சகோதரர்கள் கிலாஃபத் இயக்கத்தை நடத்தினர். அரசின் உதவி பெறும் கல்விக்கூடங்களை விட்டு மாணவர் வெளியேற வேண்டும் என்ற அறைகூவல் எழுந்தது. அதன் விளைவாக 1920ஆம் ஆண்டு அக்டோபரில் அலிகாரில் ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யா தோன்றியது. பின்னாளில் குடியரசுத் தலைவராக உயர்ந்த டாக்டர் ஜாகிர் உசேன் அவர்களோடு ஹமீதும் அம்முயற்சியில் பங்கு கொண்டார். அன்று காந்தியடிகளிடம் கொண்ட பற்று இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

அக்காலத்தில் மேற்படிப்பென்றால் பெரும்பாலோர் இங்கிலாந்துக்கே கப்பலேறினர். ஹமீது அவர்களோ 1924இல் ஜெர்மனிக்குச் சென்றார். வேதியியலின் தலைநகரம் இலண்டன் அன்று, பெர்லின் என்பதை அவர் உணர்ந்திருந்தார். பெர்லின் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து 1927இல் டாக்டர் பட்டம் பெற்றார். அந்நகரிலேயே லித்துவேனியா நாட்டு யூதக் குடும்பத்தில் பிறந்த லூபா என்னும் மங்கையைக் கண்டு 1928இல் மணம் புரிந்தார். இறுதிவரை இணைபிரியாது வாழ்ந்த இல்லறம் அது.

ஜெர்மனி கற்பித்த பாடம்

ஹமீது அவர்கள் பயின்ற ஜெர்மனியைப் பற்றி இவ்விடத்தில் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. அவ்வாறு கூறாவிடில் பின்னர் இந்தியாவில் நிகழ்ந்தது விளங்காது.

பேட்டண்ட் என வழங்கும் காப்புரிமை என்பது அரசு ஒருவருக்குக் கொடுக்கும் காலவரையறை உள்ள தனியுரிமை. புதியது ஒன்றைக் கண்டுபிடித்தவர் அதன் செய்முறையை மறைக்காது உலகுக்கு வெளியிட வேண்டும். அதற்குக் கைம்மாறாகக் குறித்த ஆண்டுகள்வரை அவரையன்றி வேறெவரும் அதனைச் செய்து விற்கலாகாது. காலம் முடிந்ததும் அவ்வறிவு அனைவர்க்கும் உரியதாகிவிடும். ஆகவே இது பிறப்புரிமை அன்று. சமுதாயமும் கண்டுபிடிப்பாளனும் செய்துகொள்ளும் ஓர் உடன்படிக்கையே ஆகும். உடன்படிக்கை என்றால் இரு பக்கத்துக்கும் நியாயம் இருக்க வேண்டும்.

இக்காப்புரிமை இருவகைப்படும். ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒருவர் கடல்நீரைப் பாத்திகளில் பாய்ச்சி வெயிலில் உலர்த்தி உப்பு எடுக்கும் முறையை முதன்முதலில் கண்டறிந்தார் எனக் கொள்வோம். அவர் முறைக்கு மட்டும் உரிமை கொடுத்தால் அது செய்முறைக் காப்புரிமை. மற்றொருவர் கடல்நீரைக் காய்ச்சி உப்பெடுத்தால் அவரைத் தடுக்க இயலாது. உப்பு என்னும் பொருளுக்கே உரிமை கொடுத்துவிட்டால் அது பொருட் காப்புரிமை. அப்போது எவ்வழியில் எடுத்தாலும் உப்பு அந்த ஒருவருக்கே சொந்தம். உப்பின் இடத்தில் மருந்தை வைத்துப் பார்த்தால் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு உயிரோடு தொடர்புடையது என்பது புலனாகும்.

1877ஆம் ஆண்டு ஜெர்மனி இயற்றிய காப்புரிமைச் சட்டம் உணவு, மருந்து, வேதிப்பொருள் ஆகியவற்றுக்குப் பொருட் காப்புரிமை வழங்கவில்லை. செய்முறைக்கு மட்டுமே உரிமை அளித்தது. ஒருவர் கண்ட பொருளை வேறு வழியில் செய்து காட்ட மற்றவர் முயன்றனர். அம்முயற்சியில் புதிய வழிகள் பிறந்தன. சாயத் தொழிலும் மருந்துத் தொழிலும் வளர்ந்தன. பேயர், ஹோக்ஸ்ட் போன்ற நிறுவனங்கள் அச்சூழலில்தான் ஓங்கின. 1968ஆம் ஆண்டு தொடங்கும்வரை ஜெர்மனி இக்கொள்கையைக் கைவிடவில்லை. தன் தொழில் முற்றும் வலுப்பெற்ற பின்னரே பொருட் காப்புரிமையை அது ஏற்றது. ஸ்விட்சர்லாந்தும் இத்தாலியும் இன்னும் பத்தாண்டு கழித்தே அவ்வழிக்கு வந்தன.

பம்பாயில் ஒரு வாடகை வீடு

தாயகம் திரும்பிய ஹமீது பம்பாயைத் தம் களமாகக் கொண்டார். அந்நாளில் இந்தியர் உட்கொண்ட நவீன மருந்துகள் பெரும்பாலும் கப்பலில் வந்தவை. இந்நிலையை மாற்றும் எண்ணத்துடன் 1935ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் ஒரு பொதுப் பங்கு நிறுவனத்தைப் பதிவு செய்தார். வேதியியல், தொழில், மருந்தியல் ஆய்வகங்கள் என்னும் பொருள்படும் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களே சிப்லா ஆயின. பம்பாய் சென்ட்ரல் பகுதியில் பெலாசிஸ் சாலையிலிருந்த ஒரு சிறு பங்களாவை மாதம் 350 ரூபாய்க் குத்தகைக்கு எடுத்துப் பணியைத் தொடங்கினார். 1937இல் நிறுவனத்தின் மருந்துகள் கடைகளுக்கு வந்தன.

சிப்லா பதிவான அதே 1935ஆம் ஆண்டில் மருந்துலகில் ஒரு பெரும் நிகழ்ச்சி நடந்தது. ஜெர்மனியில் கெர்ஹார்ட் டோமாக் என்னும் அறிஞர், புரோன்டோசில் என்னும் செந்நிறச் சாயம் கொடிய கிருமிகளைக் கொல்வதைக் கண்டு வெளியிட்டார். அதனை உருவாக்கியோர் காப்புரிமையும் பெற்றனர். ஆனால் அவ்வாண்டு முடிவதற்குள் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்து அறிஞர்கள் வேறோர் உண்மையைக் கண்டனர். கிருமியைக் கொல்வது சாயம் அன்று. உடலுக்குள் அது உடையும்போது பிரியும் சல்ஃபனிலமைடு என்னும் எளிய பொருளே. அப்பொருளோ 1908இலேயே அறியப்பட்டது. அதன் காப்புரிமைக் காலமும் கடந்திருந்தது. ஆகவே உலகெங்கும் எவரும் அதனைச் செய்யலாம் என்ற நிலை உண்டாயிற்று. விலை வீழ்ந்தது, எளியோரும் பயனுற்றனர்.

அந்த உரிமையே ஓர் எச்சரிக்கையையும் விட்டுச் சென்றது. 1937இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் சல்ஃபனிலமைடை டைஎத்திலீன் கிளைகால் என்னும் நச்சுத் திரவத்தில் கரைத்துப் பாகாக்கி விற்றது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் குழந்தைகள். அதன் பின்னரே, விற்பனைக்கு முன் மருந்தின் தீங்கின்மையை மெய்ப்பிக்க வேண்டும் என்னும் சட்டம் 1938இல் அங்கு வந்தது. இந்தியாவிலும் 1940இல் மருந்துச் சட்டம் இயற்றப்பட்டது. மருந்து செய்யும் உரிமை பலருக்குக் கிடைப்பதும் வேண்டும். செய்த மருந்தைச் சோதிக்கும் அரசின் கண் உறங்காதிருத்தலும் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் துன்புறுபவன் நோயாளியே.

காந்தியடிகளின் வருகை

1939ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் காந்தியடிகள் சிப்லாவுக்கு வருகை தந்தார். நவீன மருந்துகளிடத்தில் அடிகளாருக்கு இருந்த தயக்கத்தை நாம் அறிவோம். எனினும் நாட்டுக்கு இன்றியமையாத மருந்துகளை நாட்டிலேயே செய்ய முற்பட்ட இளம் வேதியியலாரை அவர் ஊக்குவித்தார். இரு மாதங்களில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. கப்பல் போக்குவரத்து நெருக்கடிக்குள்ளாயிற்று. வெளிநாட்டு மருந்துகளின் வரவு குன்றியது. இந்நிலையில் சிப்லா மூலவேதிப்பொருள்களைத் தானே செய்யத் தொடங்கித் தன் ஆற்றல் முழுவதையும் போர்க்காலத் தேவைக்கு ஈடுபடுத்தியது. பிறர் கையை எதிர்பார்த்திருக்கும் நாட்டின் நிலை எத்தகையது என்பதை அப்போர் அனைவர்க்கும் உணர்த்தியது.

நாட்டுக்கென ஓர் ஆய்வு அமைப்பு வேண்டும் என்பதில் ஹமீது பேரார்வம் காட்டினார். 1942இல் அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வு மன்றம் உருவானதில் அவர் அளித்த கருத்துக்களுக்கும் இடமுண்டு. அதன் ஆட்சிக்குழுவிலும் அவர் அங்கம் வகித்தார். பம்பாய் சட்டமன்ற மேலவையில் 1937 முதல் 1962 வரை உறுப்பினராக விளங்கினார். 1947இல் நாடு பிரிந்தபோது பலர் இடம் பெயர்ந்தனர். அவரோ தாம் பிறந்த மண்ணிலேயே நிலைத்தார்.

விடுதலைக்குப் பின்னும் நீங்காத தளை

நாடு விடுதலை பெற்றது. எனினும் 1911ஆம் ஆண்டு வெள்ளையர் இயற்றிய காப்புரிமை மற்றும் வடிவுரிமைச் சட்டமே தொடர்ந்து ஆண்டது. அச்சட்டப்படி மருந்தின் மீதும் காப்புரிமை பெறலாம். உரிமைக் காலம் 16 ஆண்டுகள். வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே காப்புரிமை பெற்றன. ஆனால் அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றை இந்நாட்டில் உற்பத்திக்குக் கொண்டுவரவில்லை. வெளியே செய்து இங்கே விற்றன. தாமும் செய்யாமல் பிறரையும் செய்யவிடாமல் தடுக்கும் வேலியாகக் காப்புரிமை பயன்பட்டது. கட்டாய உரிமம் என ஒரு வழி சட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தும் அது மெத்தனமாகவே நடந்தது, பயன் விளையவில்லை.

அமெரிக்க மேலவையில் கெஃபாவர் என்பவர் தலைமையில் மருந்து விலைகளை ஆராய்ந்த குழு, 1961இல் வெளியிட்ட அறிக்கையில் இந்தியாவைப் பற்றியும் குறிப்பிட்டது. உலகில் மருந்து விலை மிக உயர்ந்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று என்பதே அது கண்ட உண்மை. மக்களின் வருமானமோ உலகிலேயே மிகக் குறைந்த நாடுகளின் வரிசையில் இருந்தது. இதைவிடப் பெரிய முரண்பாடு வேறென்ன இருக்க முடியும்?

1961இல் இந்திய மருந்து உற்பத்தியாளர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். காப்புரிமைச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்பது அதன் தலையாய கோரிக்கை. ஹமீது அவர்களும், கேம்பிரிட்ஜில் வேதியியல் பயின்று 1960இல் திரும்பிய அவர்தம் மைந்தர் யூசுஃப் ஹமீதும் இம்முயற்சியில் முன்னின்றனர். சட்டத்தின் கட்டுப்பாடு தம் இல்லத்துக்குள்ளும் நுழைவதை அவர்கள் அக்காலத்தில் நேரில் கண்டனர். பொதுப் பங்கு நிறுவனத்தின் இயக்குநரது உறவினர் ஊதியம் பெற அரசின் இசைவு வேண்டும் என்பது விதி. ஆகவே டாக்டர் பட்டம் பெற்று வந்த மைந்தர் ஓராண்டு ஊதியமின்றியே தந்தையின் ஆலையில் பணிபுரிந்தார். அந்த விதிக்கு அடங்கி நடந்தவர்களே, மக்களுக்குக் கேடு செய்யும் விதியை மாற்ற வேண்டும் என்றும் வாதாடினர். சட்டத்தை மதிப்பதும் தீய சட்டத்தை அறவழியில் எதிர்ப்பதும் ஒருவரிடத்தில் ஒருங்கே இருக்க முடியும் என்பதற்கு இது சான்று.

ஒரு தமிழ் நீதியரசரின் அறிக்கை

இவ்வரலாற்றில் தமிழகத்துக்கும் ஒரு பங்குண்டு என்பதை நாம் மறந்துவிடலாகாது. காப்புரிமைச் சட்டத்தைச் சீரமைக்க 1957இல் நடுவணரசு பொறுப்பளித்தது சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாகப் பணியாற்றியவரும், பின்னர் உச்சநீதிமன்ற நீதிபதியானவருமான என். இராஜகோபால அய்யங்கார் அவர்களிடமே ஆகும். அவர் உலகநாடுகளின் சட்டங்களை ஒப்பிட்டு ஆராய்ந்து 1959இல் விரிவான அறிக்கை அளித்தார். இந்தியாவில் வழங்கப்படும் காப்புரிமைகளில் நூற்றுக்கு எண்பது முதல் தொண்ணூறு விழுக்காடு அயல்நாட்டாருடையவை என்பதையும், அவற்றுள் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேற்பட்டவை இங்கே உற்பத்திக்கு வராதவை என்பதையும் எடுத்துக்காட்டினார். உணவுக்கும் மருந்துக்கும் செய்முறைக் காப்புரிமை மட்டுமே போதுமானது எனப் பரிந்துரைத்தார். அவர் எடுத்துக்கொண்ட முன்மாதிரிகளுள் தலையாயது ஜெர்மனியின் சட்டம். ஹமீது எந்நாட்டில் வேதியியல் கற்றாரோ அந்நாட்டின் அனுபவமே, வேறொரு வழியாக இந்தியச் சட்டத்துக்கும் ஆசானாயிற்று.

அறிக்கை வந்தும் சட்டம் உடனே வரவில்லை. 1965இல் கொண்டுவந்த முன்வரைவு நாடாளுமன்றம் கலைந்ததால் காலாவதியாயிற்று. 1967இல் மீண்டும் வந்தது, கூட்டுக்குழு ஆராய்ந்தது, எதிர்ப்புகள் பல எழுந்தன. இதற்கிடையே பம்பாய் உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிவுற்றது. நீரிழிவு நோய்க்குரிய டால்புடமைடு என்னும் மருந்தை வேறு முறையில் செய்ததாகக் கூறிய யூனிகெம் என்னும் இந்திய நிறுவனம், ஹோக்ஸ்டின் காப்புரிமையை மீறியதாகத் தீர்ப்பாயிற்று. காப்புரிமையின் வாசகம் அத்துணை அகலமானதாக எழுதப்பட்டிருந்தது. சட்டம் மாறாதவரை ஆய்வுத் திறமையால் மட்டும் வெல்ல முடியாது என்பதை அத்தீர்ப்பு உணர்த்தியது.

இறுதியில் 1970 செப்டம்பரில் புதிய காப்புரிமைச் சட்டம் ஒப்புதல் பெற்றது. உணவுக்கும் மருந்துக்கும் பொருட் காப்புரிமை இல்லை. செய்முறைக்கு மட்டுமே உண்டு. அதன் காலமும் உரிமை முத்திரையிட்ட நாளிலிருந்து 5 ஆண்டு அல்லது காப்புரிமை நாளிலிருந்து 7 ஆண்டு, இவற்றுள் எது குறைவோ அது. மூன்றாண்டு கழிந்தபின் உரிமம் கேட்போர்க்குக் கொடுத்தாக வேண்டும். அதற்குரிய ஊதியம் 4 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது. மருந்து விலையைக் கட்டுப்படுத்தும் ஆணையும் அதே ஆண்டில் வெளிவந்தது. புதிய சட்டம் 1972 ஏப்ரல் 20ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு இரண்டு திங்கள் கழித்து, ஜூன் 23ஆம் நாள், டாக்டர் ஹமீது அவர்கள் இறையடி சேர்ந்தார்கள். தாம் வேண்டிய சட்டம் உயிர்பெற்றதைக் கண்ணுற்ற பின்னரே அவர்களுக்கு அழைப்பு வந்தது.

மரம் தந்த நிழல்

நட்டவர் மறைந்தார், மரம் நிழல் தந்தது. அடுத்த முப்பதாண்டுகளில் இந்தியா உலகின் மருந்துக்கூடம் எனப் பெயரெடுத்தது. அதன் உச்ச நிகழ்ச்சி 2001 பிப்ரவரியில் நடந்தது. எய்ட்ஸ் நோயாளி ஒருவருக்கு ஓராண்டுக்கு வேண்டிய மூன்று மருந்துகளின் விலை மேலைநாடுகளில் 10,000 டாலருக்கு மேல் இருந்தது. யூசுஃப் ஹமீது அம்மருந்துகளை எல்லைகளற்ற மருத்துவர் அமைப்புக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தார். நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவு. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிராபின் என்னும் அம்மூன்றும் வெவ்வேறு மூன்று நிறுவனங்களின் உரிமையில் இருந்தவை. எனவே அவற்றை ஒரே மாத்திரையாக இணைப்பது மேலைநாடுகளில் எளிதன்று. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழலில் இருந்த இந்தியாவில் அது முடிந்தது. ஆப்பிரிக்கக் கண்டத்தில் எண்ணற்ற உயிர்கள் பிழைத்தன.

ஆயினும் அந்நிழல் அப்படியே நீடிக்கவில்லை. 1995இல் உலக வணிக அமைப்பு தோன்றியது. அதன் உடன்படிக்கைக்கு இணங்க இந்தியா 2005 ஜனவரி 1 முதல் மருந்துக்குப் பொருட் காப்புரிமையை மீண்டும் ஏற்றது. உரிமைக் காலம் 20 ஆண்டுகளாயிற்று. ஆனால் பழைய மருந்தின் வடிவத்தைச் சிறிது மாற்றிப் புதுக் காப்புரிமை கேட்பதைத் தடுக்கும் 3(டி) என்னும் பிரிவைச் சட்டத்தில் சேர்த்துக்கொண்டது. இப்பிரிவின் சோதனைக்களம் நம் சென்னை ஆயிற்று. இரத்தப் புற்றுநோய்க்குரிய கிளிவெக் மருந்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. அப்பிரிவையே எதிர்த்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007இல் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1இல் உச்சநீதிமன்றமும் காப்புரிமையை மறுத்துத் தீர்ப்பளித்தது.

மறுபக்கமும் நோக்குவோம்

ஒரு பக்கத்தை மட்டும் கூறி அமைவது ஆய்வு முறைமை ஆகாது. காப்புரிமையை ஆதரிப்போர் கூறுவதிலும் உண்மை உண்டு. புதிய மருந்து ஒன்றைக் காண்பதற்குப் பல ஆண்டுகளும் பெரும் பொருளும் செலவாகின்றன. பல முயற்சிகள் தோல்வியில் முடிகின்றன. உழைத்தவனுக்குப் பயன் கிட்டாவிடில் அடுத்த முறை உழைக்க எவரும் முன்வரார். இந்திய நிறுவனங்கள் பிறர் கண்ட மருந்தை மலிவாகச் செய்வதில் வென்ற அளவுக்குப் புது மருந்து காண்பதில் வெல்லவில்லை என்பதும் மறுக்க இயலாத குறை. புதிய சட்டத்தால் சிப்லா போன்ற நிறுவனங்கள் ஆதாயம் பெற்றன என்பதும் உண்மையே. நாட்டு நலமும் தம் தொழில் நலமும் ஒரே திசையில் சென்றமை ஹமீது அவர்களின் நற்பேறு எனலாம்.

மலிவு மட்டும் போதாது என்பதற்கும் அண்மைக்காலச் சான்றுகள் உள. 2022இல் காம்பியா நாட்டிலும் 2025இல் மத்தியப் பிரதேசத்திலும் இந்தியாவில் செய்த இருமல் மருந்தைக் குடித்த பச்சிளங் குழந்தைகள் மாண்டனர். 1937இல் அமெரிக்காவில் உயிர் குடித்த அதே நஞ்சு அம்மருந்துகளிலும் கலந்திருந்தது. பின்னது நம் தமிழ்நாட்டு ஆலையொன்றில் செய்யப்பட்டது என்பது நாம் தலைகுனிய வேண்டிய செய்தி. எண்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் கற்ற பாடத்தை நாம் மறந்தோம். மருந்து செய்யும் உரிமைக்காக ஒரு தலைமுறை போராடியது, தூய்மையற்ற மருந்தைச் செய்வதற்காக அன்று. உரிமையைக் கொடுத்த அரசே தரத்தையும் கண்காணிக்கக் கடமைப்பட்டது.

நிறைவுரை

டாக்டர் ஹமீது அவர்களின் வாழ்விலிருந்து நாம் பெறத்தக்க பாடங்கள் மூன்று. முதலாவது, அறிவைத் தேடிச் செல்லுங்கால் பலரும் செல்லும் பாதையை விடுத்து அறிவு இருக்கும் இடம் நோக்கிச் செல்லும் துணிவு. இரண்டாவது, கற்ற அறிவைத் தம் மண்ணுக்குக் கொண்டுவந்து பயன்படுத்தும் பொறுப்பு. மூன்றாவதே அவற்றுள் அரியது. அறிவியல் அறிந்தவர் சட்டத்தையும் அறிய வேண்டும் என்பதே அது. ஆய்வுக்கூடத்தில் கண்ட மருந்து ஏழையின் கையைச் சேர்வதும் சேராமையும் நாடாளுமன்றத்தில் எழுதப்படும் ஒரு வரியில் அடங்கியுள்ளது.

நம் கல்லூரிகளில் வேதியியல் பயிலும் மாணவர் ஆய்வகத்தோடு நின்றுவிடுகின்றனர். சட்டம் பயில்வோர் அறிவியலை அயலானாகக் கருதுகின்றனர். தமிழ் பயில்வோர் இவ்விரண்டும் தமக்குரியன அல்ல என ஒதுங்குகின்றனர். இப்பிரிவு நீங்க வேண்டும். மருந்துச் சட்டமும் காப்புரிமைச் சட்டமும் எளிய தமிழில் எழுதப்பட்டுப் பொதுமக்களைச் சென்றடைய வேண்டும். அப்பணி தமிழ்த்துறையினரின் தலைமேல் உள்ளது. சமுதாயப் பெரியோர்கள் கல்விக்கு வழங்கும் உதவித்தொகைகளில் இத்துறை ஆய்வுக்கும் ஒரு பங்கு ஒதுக்குவார்களாயின் அது நிலையான தர்மமாக விளங்கும்.

அறிவு இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்பது நம் நம்பிக்கை. அமானிதத்தைக் காப்பவன் அதற்கு முழு உரிமையாளன் ஆகிவிடமாட்டான். உரியவரிடம் சேர்ப்பதே அவன் கடமை. மருந்தறிவுக்கு உரியவர் நோயுற்றவரே. இதனைத் தம் தொழிலாலும் வாதத்தாலும் வாழ்ந்து காட்டிய டாக்டர் காஜா அப்துல் ஹமீது அவர்களின் நற்பணிகளை வல்ல இறைவன் ஏற்றருள்வானாக! அவர்தம் வழியில் நம் மாணவச் செல்வங்களும் நடைபோட நாம் வாழ்த்துவோம்.